சிங்கப்பூரில் பிழைத்த டயர் பாகோவில் ஏன் வெடிக்கிறது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி. வாங்கி ஆறரை வருடம், ஓடியது 41,000 கிலோமீட்டர்தான். டயர்கள் வண்டியோடு வந்தவை. பள்ளி விடுமுறையில் மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மலேசியாவிலுள்ள ஈப்போவுக்குப் போகிறார்கள். சர்வீஸ் செய்த கடையில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்களாம். கணவர், டயரின் மேல் வரிகளைக் காட்டி, "பூ இன்னும் நல்லாத்தானே இருக்கு, வியாபாரத்துக்காகச் சொல்றாங்க" என்கிறார். கொழுந்தனாரோ, "எஸ்யூவியில டயர் வெடிச்சா வண்டி கட்டாயம் உருளும்" என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். யார் சொல்வது சரி?

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் டயர் கழற்றி மாட்டுவதிலேயே இருபது வருடத்துக்கு மேல் போனவன் நான். இரண்டு பேர் சொல்வதும் தவறு. கொழுந்தனார் சொல்வதை நம்பினால் உங்கள் தூக்கம்தான் கெடும். கணவர் சொல்வதை நம்பித்தான் பலர் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன டயரை ஒளித்துவைப்பதற்குச் சிங்கப்பூரைப் போல வசதியான ஊர் கிடையாது. இங்கே விரைவுச்சாலையில் அதிகபட்சம் 90 கிலோமீட்டர். அந்த 90-ஐயும் தீவைக் குறுக்காகக் கடக்கும் பிஐஇ-யில் எத்தனை நிமிடம் தொடர்ந்து பிடிக்க முடிகிறது? தெம்பனிசிலிருந்து ஜூரோங் போனாலும் முக்கால் மணி நேரம். வண்டியில் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். நடுவில் சிக்னல், நெரிசல், மழை. டயர் சூடாவதற்குள் வண்டி வீவக குடியிருப்பின் கார்பார்க்கில் நின்றுவிடுகிறது. காற்று எட்டு, பத்து பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்திருந்தாலும் டயர் சமாளித்துவிடும். மாதக்கணக்கில் சமாளிக்கும்.

அதே டயர் மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டுகிறது. ஏழு பேர், பெட்டிகள், கூரையில் ஒரு பெட்டி. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சட்டப்படி 110, மனசுப்படி இன்னும் கொஞ்சம். மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தலாம் என்று நினைத்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்துப் பாகோ ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று போவோம். பகல் வெயில், கொதிக்கும் தார். சிங்கப்பூரில் ஒரு வருடத்தில் அந்த டயர் பார்க்காத வேலையை அன்று இரண்டு மணி நேரத்தில் பார்க்கிறது. அது யோங் பெங், பாகோ பக்கம் போய் வெடித்தால், "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். நேற்று வரைக்கும் அது சோதிக்கப்படவே இல்லை.

கடையில் தினமும் பார்க்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அருமையான டயர். ரிம்மிலிருந்து ஒரு பக்கத்தை நெம்பி எடுத்து உள்ளே கை விட்டால், விரல் நுனியெல்லாம் கறுப்பாகிவிடும். காபித்தூள் மாதிரி பொடிப்பொடியாக ரப்பர் தூள். டார்ச் அடித்தால் பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் ஒரு வளையம், யாரோ உப்புத்தாளால் தேய்த்தது போல. காற்றுக் குறைவாக ஓடி, பக்கச்சுவர் மடங்கி மடங்கித் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட தூள் அது. அந்த டயருக்குப் புதிதாக எவ்வளவு காற்று அடித்தாலும் உள்ளே போன பலம் திரும்பாது. அதைத் திரும்ப மாட்டித் தரச் சொன்ன வாடிக்கையாளர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

டயர் வெடிக்கக் காற்று அதிகமாகிவிட்டதுதான் காரணம் என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் கதை நேர் எதிர். டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மேலே வரும்போது நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் எஸ்யூவி சக்கரம் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றும். நொடிக்குப் பன்னிரண்டு முறை நசுங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். காற்றுக் குறைந்தால் இன்னும் ஆழமாக நசுங்கும், இன்னும் சூடாகும். எடை கூடினாலும் அதேதான். பூவுக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கின்றன. அந்த ஒட்டுக்குச் சூடுதான் எதிரி. பட்டையின் ஓரத்தில் முடியளவு விரிசல் தொடங்கி, உள்ளே நகர்ந்து, ஒரு நாள் மேல் பட்டை பூவோடு சேர்ந்து உரிந்துகொண்டு போகிறது. அல்லது களைத்துப்போன பக்கச்சுவர் கிழிந்து, காற்று மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறுகிறது. ஓட்டுபவருக்கு இரண்டும் "வெடிப்பு"தான்.

பூ என்று நான் சொல்வது டயரின் மேல் வரிகளை. மலாயில் அதை 'புங்கா' என்பார்கள், அதாவது பூ. அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பூவைப் பார்த்து மரத்தின் வேரைச் சொல்ல முடியாதே.

எஸ்யூவி, டயர், வெடிப்பு என்று மூன்றும் சேர்ந்து உலகச் செய்தியானது 2000-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் பூ உரிந்து, வண்டி கட்டுப்பாடு இழந்து உருண்டது. அந்த ஆகஸ்ட் மாதம் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கில் சாவு 271 வரை போனது. கொழுந்தனாரின் பயத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று, அமெரிக்காவில் பெரிய செய்தியாவதற்கு முன்பே ஃபோர்டு வேறு நாடுகளில் அந்த டயர்களை மாற்றத் தொடங்கியிருந்தது. 1999-இல் சவூதியில், 2000-இன் தொடக்கத்தில் மலேசியாவிலும் தாய்லாந்திலும், பிறகு வெனிசுவேலாவில். எல்லாம் வெயில் நாடுகள். அமெரிக்காவிலும் முதலில் மாற்றிக் கொடுத்தது அரிசோனா, டெக்சஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா மாநிலங்களில்தான். எந்த ஊர்களில் டயர் முதலில் தோற்றது என்பதைப் பார்த்தாலே பாதிக் காரணம் புரிந்துவிடும்.

மீதிக் காரணத்துக்கு இரண்டு கம்பெனியும் ஒருவரையொருவர் கைகாட்டின. எக்ஸ்ப்ளோரருக்கு 26 பிஎஸ்ஐ போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். வண்டியின் வடிவமைப்புத்தான் கோளாறு என்றும் சொன்னது. 2001 மே மாதத்தில் கிட்டத்தட்ட நூறு வருட உறவை முறித்துக்கொண்டு, ஃபோர்டுக்கு இனி டயர் தரமாட்டோம் என்று அறிவித்தது. அரசு விசாரணை டயரில் எஃகுப் பட்டை பிரியும் குறை இருந்ததை உறுதிசெய்தது. எக்ஸ்ப்ளோரரின் ஓட்டத்தன்மையை விசாரிக்கும்படி ஃபயர்ஸ்டோன் கேட்டதை 2002 பிப்ரவரியில் நிராகரித்தது. இந்த 26 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த காற்று, நிறைந்த வண்டி, வெயில், வேகம் நான்கும் சேரும்போது டயருக்குள் ஏற்கெனவே இருக்கும் சின்னக் குறையும் பெரிதாகிவிடும்.

சரி, உருளுமா?

உயரமான வண்டி உருள்வதற்கு ஒரு கணக்கு உண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதால் வகுக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவி, பிக்கப், வேன் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் சிறிதானால் உருள்வது சுலபம். கூரைப்பெட்டியில் அரிசி மூட்டையும் ஆட்டுக்கல்லும் ஏற்றினால் மையம் இன்னும் மேலே போகும், எண் இன்னும் இறங்கும். கனமானதைக் கூரையில் வைக்காதீர்கள். கூரைக்குத் தலையணையும் துணியும் போதும்.

ஆனால் டயர் வெடித்த உடனே வண்டி உருண்டுவிடாது. நேராக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நேராகவே ஓடும், தொந்தரவு செய்யாமல் விட்டால். உருள்வதற்கு முதலில் அது பக்கவாட்டில் சறுக்க வேண்டும். பிறகு எதிலாவது தடுக்க வேண்டும். சாலையோர மண், புல்தரை, நடைபாதை விளிம்பு, இல்லையென்றால் டயர் போன வெற்று ரிம் தாரில் குத்திக்கொள்வது. ஒற்றை வண்டி உருளும் விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித் தடுக்கி விழுந்தவைதான். மனிதன் தடுக்கி விழுவதைப் போலவேதான். ஆக, வெடித்ததற்கும் உருண்டதற்கும் நடுவில் இரண்டு மூன்று நொடி இருக்கிறது. அந்த நொடிகள் ஓட்டுபவர் கையில் இருக்கின்றன, இன்னும் சரியாகச் சொன்னால் காலில்.

இன்னொன்று. அன்றைய எக்ஸ்ப்ளோரர் பிக்கப் லாரியின் சட்டகத்தின்மேல் கட்டிய வண்டி. இன்று நம் கார்பார்க்கில் நிற்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை கார் உடலையே உயர்த்திச் செய்தவை. அவற்றில் ஈஎஸ்சி என்ற நிலைநிறுத்தும் அமைப்பும் உண்டு. வண்டியின் வால் விலகத் தொடங்கினால், எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பிரேக் போட்டால் நேராகும் என்று அதுவே கணக்கிட்டுப் போடும். 2007-இல் அதைக் கட்டாயமாக்கியபோது அமெரிக்க நிர்வாகம், எஸ்யூவிகள் தனியாக உருளும் விபத்துகளை அது 84 சதவீதம் குறைக்கும் என்று மதிப்பிட்டது. கொழுந்தனாரின் 'கட்டாயம்' என்ற சொல் 25 வருடம் பழையது. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை, 'கட்டாயம்' இல்லை என்கிறேன்.

அந்த இரண்டு மூன்று நொடியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிற வழி. மச்சான் வண்டி, மச்சான்தான் ஓட்டினார். நான் பக்கத்து இருக்கை. பின்னால் அக்காவும் பிள்ளைகளும் தூக்கத்தில். யோங் பெங் தாண்டி இரவு பதினொன்று இருக்கும். கொஞ்ச நேரமாகவே அடியில் 'தட் தட் தட்' என்று ஒரு சத்தம். "ரோடு சரியில்ல" என்றார் மச்சான். டயர்க்காரன் நானும் அரைத்தூக்கத்தில் தலையாட்டினேன். இதைவிட வெட்கக்கேடு வேறில்லை. சாலை மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் அது சாலை இல்லை.

பிறகு யாரோ பெரிய இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் இடப்புறம் ஒரு முழம் நழுவியது. மச்சானின் கால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பாய்ந்து பிரேக்கின்மேல் போனதைப் பார்த்தேன். "பிரேக் வேணாம், பிரேக் வேணாம், ஸ்டியரிங்கப் பிடிங்க" என்று கத்தினேன். அவர் காலை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது, என் குரல் அப்படி இருந்ததாம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வண்டி ஆடி ஆடி, வேகம் தானாக இறங்கி, அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் நின்றது.

ஏன் பிரேக் கூடாது? பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. பின்னால் ஒரு பக்கம் நல்ல டயர், மறுபக்கம் கந்தல். இரண்டும் சாலையை ஒரே அளவு பிடிக்காது. வால் சுழன்றுவிடும். முன் டயர் போனால் கொஞ்சம் வேறு மாதிரி. ஸ்டியரிங் வெடித்த பக்கம் பலமாக இழுக்கும், ஆனால் கையில் தெரியும், பிடித்து நிறுத்த முடியும். பின் டயர் போனால் கையில் எதுவும் தெரியாது, முதுகில்தான் தெரியும். அதனால்தான் இரண்டே டயர் மாற்றக் காசு இருந்தால் புதியதைப் பின்னால் போடச் சொல்கிறோம். முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தாலும் பின்னால்தான். கடையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுப்பதும் நல்லதல்ல, மெதுவாக விடுங்கள். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். ஐம்பது, அறுபதுக்கு இறங்கிய பிறகு சிக்னல் போட்டு இடது ஓரம் வாருங்கள். வருமுன் இடது கண்ணாடியைப் பாருங்கள். மலேசிய நெடுஞ்சாலையில் அவசரத் தடத்தில் மோட்டார்சைக்கிள்கள் வரும், விளக்கில்லாமலும் வரும். நின்றபின் எல்லாரும் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். வெடித்தது வலப்பக்க டயரென்றால் அதை அங்கே நீங்களாக மாற்றவே வேண்டாம், முதுகுக்குப் பின்னால் 110-இல் வண்டிகள் போகும். நெடுஞ்சாலை நிறுவனத்தின் உதவி எண்ணை அழையுங்கள். சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி இலவசமாகவே அருகிலுள்ள கார்பார்க்குக்கு இழுத்துவிடும்.

மச்சான் வண்டியில் காரணம் என்ன? மூன்று வாரமாக அந்தச் சக்கரத்தில் ஒரு ஆணி. "காத்து குறைஞ்சுது, அடிச்சுட்டேன். திரும்பக் குறைஞ்சுது, திரும்ப அடிச்சுட்டேன்" என்றார். மூன்று தடவை அடித்திருக்கிறார். ஒரே டயரில் இரண்டாம் முறை காற்றுக் குறைந்தால் அடுத்து போக வேண்டிய இடம் காற்றுக் குழாய் இல்லை, டயர்க் கடை. ஆணி பூவின் நடுவில் இருந்தால் டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, உள்ளிருந்து ஒட்டலாம். வெளியிலிருந்து ரப்பர்த் திரியைக் குத்தி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவது ஊர் திரும்பும் வரைதான், ஏனென்றால் உள்ளே தூள் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பக்கச்சுவரில் ஓட்டை என்றால் பேச்சே இல்லை, குப்பைக்குத்தான். அடுக்குமாடிக் கார்பார்க்கின் வளைவில் விளிம்பில் இடித்து, பக்கச்சுவரில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு வந்திருந்தாலும் அதேதான். உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது உங்கள் கணவரின் பூவுக்கு வருகிறேன். இங்கே சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர். உங்களிடம் நாலு, ஐந்து இருக்கலாம். அது மழையில் வழுக்காமல் இருக்க. ரப்பரின் வயதை அது சொல்லாது. வெயில், ஓசோன், ஆக்சிஜன் மூன்றும் ஓடாத டயரையும் கிழவனாக்கும். சொல்லப்போனால் குறைவாக ஓடும் வண்டியில்தான் இந்த ஏமாற்று அதிகம், பூ தேய்வதற்கு முன்பே ரப்பர் மூப்படைகிறது. திறந்தவெளிக் கார்பார்க்கில் தினமும் ஒரே பக்கம் வெயில் வாங்கும் வண்டியில் அந்தப் பக்க டயர்களில் மட்டும் சிலந்தி வலை போல வெடிப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

2012-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இசை விழாவிலிருந்து திரும்பிய ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகி மூன்று பேர் இறந்தார்கள். வெடித்த முன் டயரின் வயது 19-க்கு மேல். பூவில் சட்டப்படி குறை இல்லை. மகனை இழந்த ஒரு தாய் விடாமல் போராடி, 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பேருந்துகளின் முன் சக்கரத்தில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாதென்று அந்த நாடு சட்டம் போட்டது.

உங்கள் டயரின் வயது அதன் மேலேயே எழுதியிருக்கிறது. பக்கச்சுவரில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. வெளிப்பக்கம் முழு எண் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், கீழே குனிந்து போனை நீட்டிப் படமெடுங்கள். வண்டி வாங்கிய தேதியை நம்பாதீர்கள், டயர் அதற்குச் சில மாதம் முன்பே பிறந்திருக்கும். பல கார் நிறுவனங்கள் பூ எப்படி இருந்தாலும் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் சோதிக்க வேண்டும், பத்துக்கு மேல் கூடவே கூடாது என்கிறது மிஷெலின். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. தீவுக்குள் மட்டும் ஓடும் சின்னக் காரென்றால் ஆறரை வருட டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வருடம் போகச் சொல்லியிருப்பேன். ஏழு பேர், ஈப்போ, வெயில் என்றால் சொல்லமாட்டேன்.

ஜோகூரில் மாற்றினால் மலிவு என்று எல்லாருக்கும் தெரியும், மாற்றுங்கள், தவறில்லை. மாட்டுவதற்கு முன் அதே நான்கு இலக்கத்தை அங்கேயும் படியுங்கள். அளவைப் பார்க்கும்போது கடைசியிலுள்ள எண்ணையும் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 225/65ஆர்17 102எச் என்றால், அந்த 102 ஒரு டயர் தாங்கும் எடையின் குறியீடு, 850 கிலோ. எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. 98 என்று இருந்தால் 750 கிலோதான். அழகுக்காகப் பெரிய ரிம், மெல்லிய டயர் மாற்றுகிறவர்கள் இந்த எண் இறங்கிவிட்டதைக் கவனிப்பதில்லை. மின்சார எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும், மின்கலத்தின் எடையால் அதே அளவு பெட்ரோல் வண்டியைவிடச் சில நூறு கிலோ கூட இருக்கும்.

850 கிலோ என்பதும் முழுக் காற்று இருந்தால்தான். 36 இருக்க வேண்டிய டயரில் 26 இருந்தால் தாங்கும் திறன் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், 650 பக்கம் வந்துவிடும். உங்கள் வண்டி 1,700 கிலோ, ஆளும் பெட்டியும் 500 கிலோ என்று வையுங்கள். மூன்றாம் வரிசையும் டிக்கியும் நிறைந்தால் எடை பின்னால்தான் விழும். பின் டயர் ஒவ்வொன்றும் 600-ஐத் தாண்டிச் சுமக்கும். மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

எவ்வளவு அடிப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயரின் உச்ச வரம்பு, அடிக்க வேண்டிய அளவல்ல. அந்த ஒட்டியில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும், குறைந்த ஆட்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. இரண்டாவதில் பின் டயருக்கான எண் நன்றாகவே கூடியிருக்கும். விடுமுறைப் பயணத்துக்கு அந்த இரண்டாவது வரிதான்.

இதில் சிங்கப்பூர்க்காரர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. எல்லை தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பதால் எல்லையோர உட்லண்ட்சில் நிறுத்தி நிரப்புவோம். அப்படியே காற்றையும் அடிப்போம். தெம்பனிசிலிருந்து உட்லண்ட்ஸ் வருவதற்குள் டயர் சூடாகி, உள்ளே நாலைந்து பிஎஸ்ஐ தானாக ஏறியிருக்கும். கருவி 36 காட்டும். சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். உண்மையில் அது 31, 32-தான். கதவிலுள்ள எண் குளிர்ந்த டயருக்கானது, குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயர். ஆகவே முந்தின நாள் காலையிலேயே வீட்டுப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் அடித்துவிடுங்கள். கருவி கிலோபாஸ்கலில் காட்டினால் 36 பிஎஸ்ஐ ஏறக்குறைய 250. வழியில் பாகோவில் அளந்து 41 காட்டினால் பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள், அது ஏற வேண்டிய ஏற்றம். நைட்ரஜன் அடித்தால் வெடிக்காதாமே என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அந்தக் காசுக்கு ஒரு நல்ல அழுத்தமானி வாங்குங்கள்.

வண்டியில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பீர்கள். எக்ஸ்ப்ளோரர் விவகாரத்துக்குப் பிறகு 2000 நவம்பரில் அமெரிக்கா போட்ட சட்டத்தால் பரவியது அது. நல்ல விஷயம். ஆனால் அந்த நாட்டு விதிப்படி 25 சதவீதம் குறைந்த பிறகு எரிந்தால் போதும். 36-க்கு 27 ஆகும்வரை அது வாயைத் திறக்காமல் இருக்கலாம். சில வண்டிகளில் உள்ளே உணரியே இல்லை, சக்கரங்கள் சுற்றும் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஊகிக்கும். நான்கும் ஒரே அளவில் குறைந்தால் அதற்குத் தெரியாது. காற்று அடித்தபின் அதை மீட்டமைக்க மறந்தாலும் தெரியாது.

வழியில் நிறுத்தும்போது ஒரு சின்னப் பழக்கம். இறங்கிக் கழிப்பறைக்கு ஓடுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு டயரின் பக்கச்சுவருக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகச் சுட்டால் அதில் காற்றுக் குறைகிறது. லாரி ஓட்டுபவர்களிடம் கற்றது. பின்னிருக்கையில் மாமியார் பெல்ட் போடமாட்டேன் என்று அடம்பிடிப்பார், தெரியும். உருளும் வண்டியில் பெல்ட் போடாதவர்தான் வெளியே போய் விழுகிறார். அதைச் சொல்லியே போடவையுங்கள்.

ஆகவே நாலையும் மாற்றுங்கள். கடைக்காரர் வியாபாரத்துக்காகவே சொல்லியிருக்கட்டும், சொன்னது சரி. பழைய டயரைக் கழற்றும்போது கணவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, உள்ளே கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தூள் வரலாம், வராமலும் போகலாம்.

அப்படியே வண்டிக்கு அடியில் தொங்கும் மாற்று டயரையும் இறக்கச் சொல்லுங்கள். ஏழு இருக்கை வண்டியில் அது இருப்பதே பலருக்கு நினைவிருக்காது. சிலவற்றில் இருக்கவும் இருக்காது, ஒட்டும் மருந்தும் சின்ன பம்பும்தான் கொடுத்திருப்பார்கள். கிழிந்த டயருக்கு அந்த மருந்து உதவாது, அதைக் கிளம்புமுன் தெரிந்துகொள்வது நல்லது. சிறிய தற்காலிகச் சக்கரமென்றால் 80-க்கு மேல் ஓட்டக் கூடாது. எதுவாக இருந்தாலும் காற்றைப் பாருங்கள். அன்று யோங் பெங் தாண்டி, இருட்டில், போன் வெளிச்சத்தில் மச்சானும் நானும் முக்கால் மணி நேரம் போராடி இறக்கிய மாற்று டயரில் இருந்தது 11 பிஎஸ்ஐ.